கூட்டுப் பின்னலும் பாத்திரத் துணியும்

கூட்டுப் பின்னல் என்பது பலர் ஒரே காலத்தில், ஒரே மாதிரியைப் பின்பற்றி, அவரவர் ஊசியில் அவரவர் நூலைக் கொண்டு ஒரே பொருளைப் பின்னுவதாகும். எல்லோரும் ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. இன்றைக்கு எத்தனை வரிசை, நாளைக்கு எத்தனை வரிசை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அந்த அளவுக்கு மட்டும் பின்னி நிறுத்துவர். முடிவில் என்ன உருவம் வரப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருப்பதும் உண்டு. நாள் ஆக ஆகத் துணியில் ஒரு மாங்காயோ, மீனோ, விளக்கோ மெல்லத் தலைகாட்டும்.

இவ்வகைக் குழுக்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் பொருள் பாத்திரத் துணி. பாத்திரம் துடைக்கவும் அடுப்பு மேடை துடைக்கவும் உதவும், ஏறத்தாழ 8 அங்குலச் சதுரமான பருத்தித் துண்டு இது. அளவு சரியாக அமையாவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. ஸ்வெட்டரில் கை நீளம் கூடினால் அதை அணிய முடியாது. பாத்திரத் துணி அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பாத்திரம் துடைக்கும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை.

வெயிலூரில் எதற்குப் பின்னல்?

இராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள பேரூர் திமிரி. இந்தப் பகுதியில் பின்னல் ஊசி என்றதும் பலருக்கு நினைவு வருவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். வேலூரையே 'வெயிலூர்' என்று கேலியாகச் சொல்லும் மக்களிடம் கம்பளி நூலைக் கொடுத்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் பின்னலுக்கும் கம்பளிக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. நூல் எதுவாக இருந்தாலும் வளையத்துக்குள் வளையம் கோத்தால் அது பின்னல். வெப்ப நாட்டுக்கு ஏற்றது பருத்திப் பின்னல்.

தமிழ்நாட்டில் பின்னல் துணி இல்லாத வீடே இல்லை என்றும் சொல்லலாம். பனியன் பின்னல் துணிதான். திருப்பூரில் எந்திரம் செய்வதைத்தான் இரண்டு ஊசி கொண்டு கை செய்கிறது. ஒரு வெள்ளைப் பனியனை வெளிச்சத்தில் விரித்து உற்றுப் பார்த்தால், வெளிப்பக்கத்தில் சிறு சிறு 'வி' வடிவங்கள் வரிசையாக நிற்பதும், உட்பக்கத்தில் குறுக்கே சிறு மேடுகள் ஓடுவதும் தெரியும். கைப்பின்னலின் முழு இலக்கணமும் இந்த இரண்டு தோற்றங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வேட்டியும் லுங்கியும் அப்படி அல்ல. அவை பாவும் ஊடையும் குறுக்கு நெடுக்காக ஓடும் நெசவுத் துணிகள். ஆரணிப் பட்டையும் குடியாத்தம் லுங்கியையும் அறிந்த மாணவர்கள் ஒரு லுங்கியையும் ஒரு பனியனையும் கையால் இழுத்துப் பார்க்கலாம். பனியன் நீளும், லுங்கி நீளாது. வளையங்கள் நெகிழ்ந்து கொடுப்பதே அதற்குக் காரணம்.

இந்த வட்டாரப் பெண்களின் கைக்குப் பின்னல் புதிதன்று. பிற்பகலில் திண்ணையில் அமர்ந்து ஒயர் கூடை பின்னுவது தமிழ்நாட்டு ஊர்களில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி போடும் முடிச்சைப் பார்த்து அடுத்தவள் போடுவாள். பிசகினால் "அக்கா, இந்த வரிசையிலே ஒண்ணு விட்டுப்போச்சு" என்று பக்கத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார். பெயர் வைக்காவிட்டாலும் அதுவும் கூட்டுப் பின்னல்தான்.

சென்னைக் குழுவின் போர்வை

தமிழ்நாட்டில் பலர் சேர்ந்து நூலால் ஒன்றைச் செய்ததற்கு அண்மைக்காலச் சான்று, சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் குழு. இவர்கள் செய்தது ஊசிப் பின்னல் அன்று, குரோஷே. அதாவது கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் செய்வது. நம் வீடுகளில் குரோஷா என்றே சொல்லப்படும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, நிலைவாசலுக்குத் தோரணம் என்று ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்தது இதுதான். ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுவதும் திறந்த வளையங்களாக ஊசியில் நிற்கும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு வளையம்தான் கொக்கியில் நிற்கும். கொக்கி நழுவினாலும் அவிழ்வது கொஞ்சமே.

2016 சனவரி 31 அன்று இக்குழுவினர் சென்னையில் காட்சிக்கு வைத்த குரோஷே போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். இது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. முந்தைய சாதனை தென்னாப்பிரிக்காவில் 2015இல் நெல்சன் மண்டேலா நினைவாகச் செய்யப்பட்ட 3,377 சதுர மீட்டர் போர்வை. எண்ணைப் படித்துவிட்டுப் போனால் அதன் அளவு மனத்தில் நிற்காது. 11,148.5 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். கிணற்றுப் பாசனத்தில் ஒரு சிறு விவசாயி நெல் நடும் நிலம் அவ்வளவு இருக்கும். மீட்டர் சதுரத் துண்டுகளாக எண்ணினால் 11,000க்கு மேல் வரும். பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தே துண்டுகளைப் பின்னி அனுப்ப, அவை ஒன்றாக இணைக்கப்பட்டன. 2017இல் 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள கழுத்துத் துண்டு, 2018இல் 58,917 குரோஷே உருவங்களின் காட்சி என்று இக்குழுவின் பணி தொடர்ந்தது.

சாதனைப் பட்டியலைவிடக் கவனிக்க வேண்டியது அதன் வேலைப் பகிர்வு. ஒரே ஆள் பின்னினால் வாழ்நாள் போதாத வேலை, ஆளுக்குச் சில துண்டு என்று பிரித்ததும் சில மாதங்களில் முடிந்தது. இப்படிப் பிரிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்திப் பின்னுவார். ஆகவே "இத்தனை கண்ணி போடுங்கள்" என்று சொன்னால் போதாது, "இத்தனை அங்குலம் வரும்வரை பின்னுங்கள்" என்றும் சொல்ல வேண்டும். போர்வைக் குழுவுக்கு இது தலையாய சிக்கல். பாத்திரத் துணிக் குழுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொருவர் துணியும் அவரவர் வீட்டுக்கே போகிறது.

நூற்பு வேள்வி

பலர் அமர்ந்து ஒரே கைவேலையைச் செய்வதை ஓர் இயக்கமாகவே நடத்தியவர் காந்தியடிகள். கூட்டமாக அமர்ந்து இராட்டையிலோ தக்ளியிலோ நூல் நூற்பதற்கு நூற்பு வேள்வி என்று பெயர். காந்தி பிறந்தநாளில் சில இடங்களில் ஆள் மாற்றி ஆள் இடைவிடாது நூற்பார்கள். 1924இல் பெல்காமில் அவர் தலைமையில் கூடிய காங்கிரசு மாநாட்டில், கட்சி உறுப்பினர் மாதந்தோறும் 2,000 கெசம் நூல் தர வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. தானே நூற்றதாகவும் இருக்கலாம், பிறர் நூற்றதாகவும் இருக்கலாம். எல்லோராலும் கடைப்பிடிக்க முடியாமல் அடுத்த ஆண்டே அந்த விதி தளர்த்தப்பட்டு, நாலணா கட்டினாலும் போதும் என்று ஆயிற்று. கைவேலையை விருப்பத்தால் செய்வதற்கும் விதியால் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓர் ஆண்டு வரலாறு நன்கு காட்டுகிறது.

1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு வந்த ஆதாரக் கல்வித் திட்டத்தின் வழியே தக்ளி பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது. தமிழ்நாட்டில் அறுபது, எழுபது வயதைக் கடந்த பலருக்குக் கைத்தொழில் பாட வேளையும், தக்ளி சுழலும் ஒலியும், நூல் அறுந்தால் முழிக்கும் முழியும் இன்னும் நினைவில் இருக்கும். பெண்கள் பள்ளிகளில் தையல் ஆசிரியை தனியே இருந்தார்.

கண்ணிகள்

ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் இக்கட்டுரை கண்ணி என்று குறிக்கிறது. மீன்வலைக்கும் இதே சொல் வழங்குவதால் புரிந்துகொள்ள எளிது. பின்னலில் அடிப்படை அசைவுகள் இரண்டு. நூலை ஊசிக்குப் பின்னால் வைத்து, கண்ணிக்குள் முன்னிருந்து ஊசியை நுழைத்து, புதிய வளையத்தை முன்பக்கம் இழுத்தால் அது நிட். நூலை முன்னால் வைத்து, ஊசியைப் பின்னிருந்து முன்னோக்கி நுழைத்து, வளையத்தைப் பின்பக்கம் தள்ளினால் அது பர்ல். நிட் கண்ணியைத் திருப்பிப் பார்த்தால் பர்ல். பர்லைத் திருப்பினால் நிட். ஒரு கதவின் இரண்டு பக்கம் போல என்று கொள்ளலாம்.

எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னினால் இரு பக்கமும் மேடும் பள்ளமுமாகத் தடித்த துணி கிடைக்கும். சுருளாது. அழுக்கைப் பிடித்து எடுக்கும். ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று மாற்றிப் பின்னினால் பனியன் துணி போல வழுவழுப்பாக வரும், ஆனால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். அதனால்தான் உருவம் உள்ள பாத்திரத் துணிகளுக்குச் சுற்றிலும் நிட் மட்டும் பின்னிய கரை வைக்கிறார்கள்.

பழைய மாதிரிகளில் உலகெங்கும் பரவியது மூலையிலிருந்து தொடங்கும் துணி. இதைப் பாட்டி மாதிரி என்பார்கள். 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் பின்ன வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 2 நிட், ஊசிமேல் ஒரு நூல் சுற்று, மீதி எல்லாம் நிட். நூல் சுற்று ஒரு புதிய கண்ணியாகிவிடும். ஆகவே வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 40 வரிசையில் 4 என்பது 44 ஆகும். அதன்பின் குறைக்க வேண்டும். 1 நிட், இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து நிட், ஒரு நூல் சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து நிட், மீதி நிட். இரு முறை சேர்த்ததில் 2 குறைகிறது, சுற்றியதில் 1 கூடுகிறது. ஆக வரிசைக்கு ஒன்று குறைந்து 40 வரிசையில் மீண்டும் 4 கண்ணி. அவற்றை முடித்து நூலை அறுத்தால் ஒரு சதுரம். நான்கு ஓரத்திலும் சிறு துளை வரிசை அழகுக்கு நிற்கும்.

இந்த மாதிரியின் நயம் என்னவென்றால், எண்ணத் தெரியாதவரும் பின்னலாம். கையில் உள்ள நூலைத் தராசில் நிறுத்து, பாதி தீர்ந்ததும் குறைக்கத் தொடங்கினால் போதும். முன் பாதிக்கும் பின் பாதிக்கும் நூல் சமமாகவே செலவாகும்.

உருவம் வரும் துணிக்குக் கட்டப் பேப்பர் வேண்டும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இது மிக எளிது. எடுத்துக்காட்டாக, 40 கண்ணி, 58 வரிசை என்று கொள்வோம். முதல் 6 வரிசையும் கடைசி 6 வரிசையும் நிட் கரை. இடையில் உள்ள 46 வரிசைகளில் முதல் 4 கண்ணியும் கடைசி 4 கண்ணியும் எப்போதும் நிட். நடுவில் எஞ்சிய 32 கண்ணிதான் படம் வரையும் பலகை. பின்புலம் பனியன் துணி போல வழுவழுப்பாக இருக்கும். படம் வர வேண்டிய கட்டங்களில் மட்டும் நிட்டுக்குப் பதில் பர்ல் போட்டால் அங்கே மேடு எழும். திருப்பிப் பின்னும் வரிசையில் பர்லுக்குப் பதில் நிட் போட வேண்டும். கண் பார்ப்பதைவிட விரல் தடவினால் உருவம் நன்றாகத் தெரியும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பனியன் பின்னலில் ஒரு கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட அதிகம். அங்குலத்துக்கு 5 கண்ணி வந்தால் உயரத்தில் ஏறத்தாழ 7 வரிசை வரும். சாதாரணக் கட்டப் பேப்பரில் 20 கட்ட அகலம், 20 கட்ட உயரம் என்று நிலா வரைந்தால், துணியில் அது நசுங்கிய பூசணிக்காய்தான். நிலா வேண்டுமானால் 20 கண்ணிக்கு 28 வரிசை வரைய வேண்டும். விகிதக் கணக்கை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எளிதில் அகப்படாது.

நாளுக்கு 4 வரிசை என்று பிரித்தால் 58 வரிசை 15 நாளில் முடியும். மாதத்துக்கு இரண்டு துணி என்று பல குழுக்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இதுவே. மொத்தக் கண்ணிகள் 40 × 58 = 2,320. பழகிய கை நிமிடத்துக்கு 25 கண்ணி பின்னினால் ஒன்றரை மணி நேரம். புதியவர் 10 கண்ணி பின்னினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு 160 கண்ணி என்பது உலை கொதிக்கும் நேரத்தில் முடிகிற வேலை.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணுவது நல்லது. 40 இருக்க வேண்டிய இடத்தில் 41 இருந்தால் எங்கோ நூல் தவறிச் சுற்றியிருக்கிறது, 39 என்றால் ஒன்று நழுவியிருக்கிறது. நழுவிய கண்ணி ஏணிப்படி போலக் கீழே இறங்கும். குரோஷா கொக்கி ஒன்றைக் கையில் வைத்திருந்தால் அதைப் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம், முழுத் துணியையும் அவிழ்க்க வேண்டாம். குழுவாகப் பின்னுவதன் பயன் இங்கேதான் வெளிப்படும். 17ஆம் வரிசையில் தவறு நேர்ந்தால், அதே 17ஆம் வரிசையில் நிற்கும் வேறு பத்துப் பேர் அருகில் இருக்கிறார்கள்.

நூல் எது, ஊசி எது

பருத்தி நூல் மட்டுமே ஏற்றது. பருத்தி இழை தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் அதன் வலிமை குறையாது, சற்றுக் கூடவே செய்யும். கொதிநீரில் போட்டு எடுக்கலாம். கடையில் 'உல்லன்' என்று சொல்லிக் கொடுக்கும் வண்ண நூல் பெரும்பாலும் அக்ரிலிக். அது நீரை உறிஞ்சாது, சூட்டில் இளகும். அந்த நூலில் பின்னிய துணியைப் பிடிதுணியாக வைத்துக்கொண்டு சூடான குக்கரை இறக்குவது ஆபத்து. பருத்தியிலும் ஒற்றை மடிப்பு போதாது. கரித்துணியாகப் பயன்படுத்துவதானால் இரண்டாக மடித்து, ஈரமில்லாமல் பிடிக்க வேண்டும். ஈரத்துணி சூட்டை விரைந்து கைக்குக் கடத்தும்.

பாத்திரத் துணிக்கு வேண்டிய தடித்த பருத்தி நூல் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. நெசவு நூலைக் கூட்டிச் சமாளிக்கலாம். பருத்தி நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கெசம் கொண்ட சிட்டங்கள் எத்தனை வரும் என்பதைக் குறிக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 20 நம்பர் நூலில் 20 இழையைச் சேர்த்தால், கணக்கில் அது 1 நம்பர் நூலுக்குச் சமம். அதாவது ஒரு பவுண்டுக்கு 840 கெசம், 50 கிராமுக்கு ஏறத்தாழ 85 மீட்டர். பாத்திரத் துணிக்கென விற்கப்படும் நூலின் தடிமனும் கிட்டத்தட்ட இதுதான். 10 நம்பர் நூலானால் 10 இழை போதும். ஒரு துணிக்கு 40 முதல் 50 கிராம் நூல் செலவாகும். சாயம் ஏற்றிய நூலாக இருந்தால் முதலில் ஒரு சாணை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்ப்பது நல்லது. சாயம் ஒட்டினால் அது அடுக்களைக்கு ஆகாது.

ஊசி 4 அல்லது 4.5 மில்லிமீட்டர். பழைய நம்பர்ப்படி 8 அல்லது 7. பின்னல் ஊசி கிடைக்காத நாளில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் தீட்டிப் பின்னியவர்கள் உண்டு. ஆனால் அது இந்த நூலுக்கு மிக மெல்லியது. மூங்கில் குச்சியை உப்புத்தாளால் நன்கு தேய்த்து, முனை சீவி, சிறிது தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் அலுமினிய ஊசியைவிட நன்றாகவே வேலை செய்யும். வழுக்காது என்பதால் கண்ணி நழுவுவதும் குறையும்.

கூலியும் ஓய்வும்

கைவேலையைப் பற்றி எழுதும்போது கூலியைப் பற்றி எழுதாமல் விடுவது முறையாகாது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் பெண்களின் கை எப்போதும் ஏதோ ஒன்றைத் தைத்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் அமர்ந்து கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சோடிக்கு இவ்வளவு என்று கூலி. வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுவது ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. வீட்டிலிருந்து செய்வதால் இதைத் தொழில் என்று மதிக்காமல் "சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறது" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. சும்மா இருக்கும் நேரம் எந்த வீட்டில், எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

மரியா மீஸ் என்னும் செருமானிய ஆய்வாளர் ஆந்திரத்தின் நரசாபுரத்தில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்தும் இதுதான். உலகச் சந்தைக்குப் போகும் சரக்கைச் செய்தவர்கள், இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டார்கள். தொழிலாளி என்று எண்ணப்படாததால் கூலியும் அதற்கேற்பக் குறைவாக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்னும் இலண்டன் மிஷன் அம்மையார் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி 1855 வரை இருந்தது. லேஸ் பின்னிக் கிடைத்த பணத்தைச் சேர்த்து, தம் விலையைத் தாமே கட்டி விடுதலை பெற்ற பெண்கள் அக்காலத்தில் இருந்தனர். பின்னல் நூலுக்கு அந்த வலிமையும் இருந்திருக்கிறது.

ஆகவே பாத்திரத் துணி பின்னுவதை வருமான வழியாகக் காட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருவோரிடம் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றரை முதல் நான்கு மணி நேர உழைப்பும் 50 கிராம் நூலும் சேர்ந்த ஒரு துணிக்கு, எந்திரத்தில் நெய்த துணி விற்கும் விலையைக் கேட்டால் கூலி தேறாது. கூலி தேறும் விலையைச் சொன்னால் திமிரிச் சந்தையில் வாங்க ஆள் இருக்காது. இந்தக் கணக்கு மாறாதவரை இது விற்பனைக்கான பண்டம் ஆகாது. தனக்கும், மகள் வீட்டுக்கும், புதுமனை புகுவோருக்கும் கொடுப்பதற்கான பொருள்.

கூலி இல்லாத காரணத்தாலேயே இதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. எண்ணிக்கை முடிக்கவில்லை என்று கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் 8 வரிசை பின்னலாம், பின்னாமலும் இருக்கலாம். ஆண்களும் பின்னலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய நிலை வருந்தத்தக்கது. ஐரோப்பாவில் பின்னல் தொழிற்குழாம்களில் நெடுங்காலம் ஆண்களே உறுப்பினராக இருந்தார்கள். 1589இல் முதல் பின்னல் எந்திரத்தை அமைத்த வில்லியம் லீயும் ஆண்தான்.

ஓர் ஊரில் தொடங்குவதற்கு

மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கி எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருப்பார்கள். சேமிப்புக் கூட்டத்துக்கு எப்படியும் ஒன்று கூடுகிறார்கள். வரவு செலவு எழுதி முடிந்த பிறகு அரை மணி நேரம் ஊசியை எடுத்தால் கூட்டுப் பின்னலுக்குத் தனியாக இடமோ நாளோ தேட வேண்டியதில்லை. பள்ளி, கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட அணியினரும் செய்யலாம்.

முதல் மாதம் உருவம் எதுவும் வேண்டாம். 36 கண்ணி ஏற்றி 72 வரிசை நிட் மட்டும் பின்னட்டும். இந்தப் பின்னலில் வரிசை எண்ணிக்கை கண்ணி எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு ஆனால் சதுரம் வந்துவிடும். இரண்டாம் மாதம் பாட்டி மாதிரி. மூன்றாம் மாதம் கட்டப் பேப்பர். வழிகாட்டுபவர் எல்லோருக்கும் ஒரு நாள் முன்னதாகப் பின்னி முடித்திருக்க வேண்டும், தன் எண்ணில் பிழை இருந்தால் அது அவருக்கே முதலில் தெரியும். வரிசைகளைப் படித்துச் சொல்லும்போது "நிட் 4, பர்ல் 12" என்று எண்ணைக் கடைசியில் சொல்வதும், ஒவ்வொரு வரிசைக்கும் மொத்தம் 40 என்று சேர்த்துச் சொல்வதும் குழப்பத்தைக் குறைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவர்கள் இருந்தால் கட்டப் பேப்பரில் பர்ல் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பிக் கொடுத்தால் கோலம் போலப் பார்த்தே பின்னிவிடுவார்கள்.

முடித்த துணியை முதலில் ஒரு முறை வெந்நீரில் நனைத்து, பிழியாமல் இரு உள்ளங்கைக்கு நடுவே அழுத்தி நீரை எடுத்து, சதுரமாக இழுத்து விரித்து நிழலில் காயவைக்க வேண்டும். சிறிது சுருங்கும். அதன்பின் அளவு நிலைத்துவிடும். புழக்கத்துக்கு வந்தபிறகு நாள்தோறும் சோப்பில் அலசி வெயிலில் உலர்த்துவது இன்றியமையாதது. ஈரமாகவே சுருட்டி அடுப்பு மேடையில் கிடக்கும் துணி, பாத்திரத்தைத் துடைப்பதைவிட அதில் கிருமியைப் பூசும். வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டு எடுக்கலாம். மேடை துடைக்க ஒன்று, பாத்திரம் துடைக்க ஒன்று, பிடிதுணியாக ஒன்று என்று நிறம் மாற்றிப் பின்னிக்கொண்டால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறாது. மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் முழுவதும் போகாது என்பதால் வெள்ளையைத் தவிர்ப்பார்கள். நைந்துபோன துணி அடுத்து மிதிவண்டி துடைக்கப் போகும், அதற்கும் உதவாதபோது எருக்குழிக்குப் போகும். கலப்பற்ற பருத்தி என்பதால் மண்ணோடு மட்கிவிடும்.